கால் ஊன்றாத ஆறு வாரங்கள்

சம்பந்தி,

இன்று காலை என் மேல் பல் செட் இரண்டாக உடைந்துவிட்டது. கழுவும்போது கை நழுவித் தொட்டியில் விழுந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தெருவில் யாரும் பேச்சுக் கொடுப்பதற்குள் ஆட்டோ பிடித்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பல் செட் கட்டித்தரும் கடைக்குப் போனேன். கடைக்காரர் உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் இளஞ்சிவப்புத் தூளைக் கொட்டினார். ஒரு புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டுக் குழைத்தார். வாசனை எழுந்தது. கண்ணோரத்தை எரித்துக்கொண்டு, தொண்டையில் போய் ஒருவிதத் தித்திப்பாக நிற்கும் வாசனை.

என் கை தானாக வலது முழங்காலுக்குப் போனது.

அந்த வாசனையை இதற்கு முன் ஆபரேஷன் தியேட்டரில்தான் முகர்ந்திருக்கிறேன். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, மார்புக்கு மேல் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டி, அந்தப் பக்கம் என் முழங்காலைத் திறந்து வைத்திருந்தபோது வந்த வாசனை. எலும்பில் உலோகத்தை ஒட்டவைக்கும் சிமெண்ட்டும், ஈறு செய்யும் இந்தக் குழம்பும் ஒரே இனம்தான் என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பல்லில்லாத வாயோடு கேட்டேன். பெஞ்சில் காத்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "பல்லு போனாலும் சம்பந்திக்கு பவுசு போவலப்பா" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருப்பீர்கள்.

அந்தக் கடையில் இன்னொன்றும் நடந்தது. அதற்காகத்தான் வீடு திரும்பியதும் இதை எழுத உட்கார்ந்தேன். அதை முதலில் சொன்னால் மற்றதைச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்காது. ஆகவே வரிசையாக வருகிறேன்.

என் மகளை உங்கள் மகனுக்குக் கொடுத்த நாளிலிருந்து நான் உங்கள் வீட்டில் எப்படி நடந்துகொண்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். பெண் கொடுத்த வீட்டில் பெண்ணைப் பெற்றவள் கை நனைக்கக்கூடாது என்பது என் அம்மா வீட்டு வழக்கம். பேரப்பிள்ளை பிறந்ததும் எல்லோரும் அதைத் தளர்த்திக்கொள்வார்கள். நான் தளர்த்தவில்லை. உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கைப்பையில் என் தண்ணீர் பாட்டில் இருக்கும். நாற்காலி நுனியில் உட்காருவேன். சாப்பாட்டு வேளைக்கு முன் எழுந்துவிடுவேன்.

"எங்க வூட்டுத் தண்ணில இன்னா, முள்ளா கெடக்குது?" என்று ஒருமுறை நேராகவே கேட்டீர்கள்.

"கொதிக்கவைத்த தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்."

"அவ்ளோதான? இரு... இருங்க, வெச்சித் தரன்."

அடுப்பில் வைத்தீர்கள். அது ஆறுவதற்குள் பேருந்து வந்துவிடும் என்று எழுந்து வந்துவிட்டேன். வாசலில் சொம்போடு நீங்கள் நின்றதைப் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

வழக்கம் மட்டும் காரணமல்ல. கான்வென்ட் விடுதியில் எங்களுக்கு நாற்காலியில் சாய அனுமதி கிடையாது. முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். "சாய்வது நோயாளிக்கும் சோம்பேறிக்கும்" என்பார் எங்கள் சிஸ்டர். அந்த முதுகோடுதான் கள்ளக்குறிச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போன் மாட்டி வேலைக்கு உட்கார்ந்தேன். அந்த முதுகோடுதான் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன். என் கணவர் போன பிறகு, யார் தோளிலும் விழாமல் மகளைப் படிக்கவைத்து ஆசிரியை ஆக்கினேன். இதையெல்லாம் பெருமையாக நினைத்திருந்தேன். இன்னும்கூடக் கொஞ்சம் நினைக்கிறேன்.

முதல் முறை முழங்கால் மாற்றியபோது உங்களிடம் சொல்லவே இல்லை. சிமெண்ட் வைத்துப் பொருத்திய மூட்டு. மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தார்கள். வீட்டுக்கு வந்து, நன்றாக நடக்க ஆரம்பித்த பிறகுதான் தகவல் அனுப்பினேன். நீங்கள் மரவள்ளிக்கிழங்குப் பையோடு வந்தீர்கள். நான் காஞ்சிப் பட்டு உடுத்தி, தலைவாரி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"ஆபரேஷன் ஆன வூடுன்னாங்க, பாத்தா நிச்சியதார்த்த வூடு மாதிரி கீது. வந்தது தப்போ?" என்றீர்கள். நான் சிரிக்கவில்லை.

அந்த மூட்டு சில வருடங்கள் நன்றாகத்தான் உழைத்தது. பிறகு எழுந்து நின்றதும் வைக்கிற முதல் அடியில் வலி வந்தது. நாலைந்து அடி போனால் அடங்கிவிடும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வரும். யாருக்கும் தெரியாமல் சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். எழுந்ததும் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்வதுபோல் கொஞ்சம் நிற்பேன். வலி தயாராகட்டும் என்று காத்திருந்துவிட்டு அடியெடுத்து வைப்பேன். மகளுக்குக்கூடத் தெரியவில்லை. உங்கள் வீட்டுக் காதுகுத்தில், அத்தனை கூட்டத்தில், நீங்கள்தான் கேட்டீர்கள்.

"இன்னா சம்பந்தி, எழுந்துக்கும்போதெல்லாம் கொசுவத்தப் புடிச்சிக்கினே நிக்கறீங்க? பொடவ நல்லாத்தான கீது!"

எல்லோரும் திரும்பினார்கள். எனக்கு உங்கள்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல.

சேலத்துக்குப் போனோம். கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆவதற்கு முந்தைய காலம். பெரிய வைத்தியம் என்றால் சேலம்தான். நீங்கள் வரவேண்டும் என்று யாரும் கூப்பிடவில்லை. உங்கள் மகனுடைய காரின் முன் இருக்கையில் நீங்களாகவே ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். டாக்டர் எக்ஸ்ரேவை விளக்குப் பலகையில் மாட்டினார்.

"உள்ள வெச்ச தட்டு தளந்துடுச்சும்மா. ஈர மண்ணுல கம்பம் நட்டு அது ஆட ஆரம்பிச்சா குழி பெருசாகிக்கிட்டே போகுமில்ல, அந்த மாதிரி. சுத்தி எலும்பு கரைஞ்சிருக்கு. பழைய சிமெண்ட்டச் சுரண்டி எடுக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். அதனால இந்தத் தடவ எலும்போட உள்குழாய்க்குள்ள நீளமான தண்டு இறங்கணும்."

அந்தத் தண்டை இரண்டு விதமாக நிறுத்தலாம் என்றார். ஒன்று, தண்டைச் சுற்றி முழுக்கச் சிமெண்ட் நிரப்புவது. உடனே கெட்டிப்பட்டுவிடும், மறுநாளே காலை ஊன்றலாம். இன்னொன்று, சிமெண்ட் இல்லாமல் தண்டை இறுக்கமாக அடித்து இறக்கி, மேலே எலும்பு கரைந்த பள்ளத்தில் சொரசொரப்பான உலோகக் கூம்பு ஒன்றைச் செருகுவது. கூம்பின் துளைகளுக்குள் எலும்பே வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும். நீண்டநாள் நிற்பது அதுதான். ஆனால் பிடிக்கும்வரை, ஆறு வாரம், அந்தக் காலில் பாரம் விழக்கூடாது.

"ஆறு வாரம் என்றால்?" என்று கேட்டேன்.

"பாத்ரூம், குளியல், எல்லாத்துக்கும் ஆள் புடிக்கணும்மா."

"சிமெண்ட் வைத்துவிடுங்கள்."

மகள் என்னைப் பார்த்தாள். டாக்டர் சிரித்தார். "நீங்க கேக்கறதும் நான் குடுக்கறதும் இல்லம்மா இது. உள்ள எலும்பு எப்படி இருக்கோ, அது எத ஏத்துக்குதோ அதுதான்."

மகள் மருந்துச் சீட்டு வாங்கப் போனபோது நடைபாதையில் நாம் இருவர்தான் நின்றோம். நீங்கள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டீர்கள்.

"எங்க வூட்டுக்கு வராம இருக்கத்தான சிமெண்ட்டு கேட்டீங்க?"

"அப்படியெல்லாம் இல்லை."

"இல்லன்னா செரி. எனுக்குந்தான் இன்னா, உங்கள மாதிரி ஒரு மகராணிய வெச்சிக் கட்டி அழணும்னு ஆசயா?"

நீங்கள் சொன்னது சரி. என் வீட்டில் என்னைத் தூக்கி உட்காரவைக்க ஆள் இல்லை. மகள் வாழ்வது உங்கள் வீட்டில். காலை ஊன்றக்கூடாது என்றால் நான் போய்ப் படுக்கவேண்டியது நான் தண்ணீர்கூடக் குடிக்காத அந்த வீட்டில்தான். எலும்பு எத்தனை வருடம் நிற்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. உங்கள் கைகள் என்னைத் தொடக்கூடாது என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது.

தியேட்டரில் எனக்கு முழு நினைவு இருந்தது. பார்க்க முடியாவிட்டாலும் கேட்க முடிந்தது. காதால் சம்பாதித்தவள் நான். பழைய சிமெண்ட்டை உளியால் செதுக்கும் சத்தம், டாக்டரின் முணுமுணுப்பு, பிறகு சுத்தியல். தண்டு இறங்க இறங்க அந்தச் சத்தம் மாறியது. முதலில் மொத்தையாக இருந்தது, போகப்போகக் கூர்மையாகி, கடைசியில் மணி மாதிரி ஆனது. ஏதோ இறுகுகிறது என்று புரிந்தது. அப்போது எனக்குப் பயம் வந்தது. சிமெண்ட் இல்லாமல் அடிக்கிறார்களோ?

சற்று நேரத்தில் அந்த வாசனை வந்தது. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து டாக்டரிடம், "சிமெண்ட்தானே?" என்றேன். "ஆமாம்மா, சிமெண்ட்தான் கலக்கறாங்க" என்றார். கண்ணை மூடி நன்றி சொன்னேன்.

வார்டில் நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். "இன்னா வெச்சாங்க?"

"சிமெண்ட். நாளைக்கு நடந்துவிடுவேன்."

"அப்பாடா! நீங்களும் பொழச்சீங்க, நானும் பொழச்சன்."

மாலையில் டாக்டர் வந்து கட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார். சிமெண்ட் மேலே தட்டுக்கும் கூம்புக்கும் நடுவில்தான். கூம்பும் அதற்குக் கீழே தண்டும் முழுக்க எலும்பை நம்பித்தான் நிற்கின்றன. சிமெண்ட் பிடித்துக்கொள்ள அங்கே நல்ல எலும்பே மிச்சமில்லை. "பாதத்தத் தரையில வைக்கலாம், ஆனா கீழ ஒரு முட்டை இருக்குன்னு நெனச்சிக்குங்க. ஒடையக்கூடாது. ஆறு வாரம்."

நீங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். தோள் குலுங்கக் குலுங்க. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதும் விடவில்லை நான். வீட்டுக்கு ஒரு பெண்ணைக் கூலிக்கு வைத்துக்கொள்கிறேன் என்று பிடிவாதமாகக் கள்ளக்குறிச்சிக்கே வந்தேன். வந்த பெண் நல்ல பெண்தான். படுக்கை விரிப்பை எப்படி மடிக்க வேண்டும், தம்ளரை எங்கே பிடித்துத் தூக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த வாரம் முடிவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது என் மகளிடம், "இந்தம்மாவுக்குக் காலு மட்டும் போதாதுங்க, வாயும் ஆபரேஷன் பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலையே உங்கள் கார் வாசலில் நின்றது.

உங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்த அறைக்கு ஜன்னல் நிறையக் கல்வராயன் மலை தெரியும். வெள்ளிமலைக்குப் போகும் பேருந்து கச்சிராயபாளையத்துப் பக்கமிருந்து வந்து, ஹார்ன் அடித்துவிட்டு மேலேறும். என் மகள் அதில்தான் மலைப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். உங்கள் மகன் கிழங்கு லாரியோடு ஆத்தூர்ப் பக்கம் போய்விடுவார். பகல் முழுவதும் நீங்களும் நானும்தான். அறைக்குக் கதவு கிடையாது, திரைச்சீலை மட்டும். திரைக்கு அந்தப் பக்கம் கூடம். கிழங்குக் காட்டு ஆட்கள், புரோக்கர்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள், யாராவது எப்போதும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் நாள் தட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்தீர்கள். இத்தனை வருடம் கை நனைக்காதவளைப் பார்த்து ஒரு வார்த்தை குத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் முதல் கவளத்தை விழுங்கும்வரை எதிரில் நின்றுவிட்டு, "உப்பு செரியா கீதா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"கொஞ்சம் ஜாஸ்தி."

நீங்கள் இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தீர்கள். பிறகு கூடத்தைப் பார்த்துக் கத்தினீர்கள். "அடியே, கேட்டீங்களா! சம்பந்தி எங்க வூட்ல சாப்டாங்கடி! உப்பு ஜாஸ்தியாம்!" எனக்குத் தட்டைத் தள்ளிவிடத் தோன்றியது. பசி தள்ளவிடவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. உட்காரும் பலகையில் வட்டமாக ஓட்டை, கீழே செருகி எடுக்கும் பிளாஸ்டிக் பாத்திரம். கட்டிலிலிருந்து அதற்கு மாறுவதற்கு நீங்கள் என் அக்குளில் கையைக் கொடுப்பீர்கள். "தொங்குங்க, எம்மேல தொங்குங்க. நெல்லு மூட்ட தூக்குன ஒடம்பு, ஒண்ணும் ஆவாது." நான் தொங்கமாட்டேன். ஒரு கையால் சுவரைப் பிடிப்பேன், நகம் வலிக்கும். "சாஞ்சிக்குங்களேன்" என்பீர்கள். சாயமாட்டேன். உட்காரவைத்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டு நீங்கள் கூடத்துக்குப் போவீர்கள். போன உடனே டிவி அலறும். மாமியாரும் மருமகளும் மாறி மாறி அழுகிற ஏதோ ஒரு தொடர். கூரை அதிரும்.

எனக்கு அது பெரிய இம்சையாக இருந்தது. நான் இந்த நிலையில் கிடக்கிறேன், இவருக்கு நாடகம் கேட்கிறது, அதுவும் இத்தனை சத்தத்தில் என்று நினைத்தேன். ஒருநாள் என்னுடைய எக்ஸ்சேஞ்சுக் குரலில், "சம்பந்தி, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"காது மந்தம் சம்பந்தி. கம்மியா வெச்சா கேக்கமாட்டேங்குது."

வெள்ளிமலைப் பேருந்து வளைவில் திரும்புவதற்கு முன்பே "தோ, உங்க பொண்ணு வரா" என்று உலையை வைக்கும் காது உங்களுடையது. அதையும் நான் கவனித்திருந்தேன். கவனித்ததை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

பிறகு அந்த மழை நாள். காட்டில் வேலை நின்றுபோனதால் கூடம் நிறைய ஆட்கள். டிவி அலறியது. என்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வாக்கரை இழுத்து, நானே குளியலறைக்குப் போவது என்று எழுந்தேன். இடது கால், பிறகு வலது கால். ஊன்றினேன். முட்டை நினைவுக்கு வந்தது, ஆனால் அதற்குள் பாரம் இறங்கிவிட்டது. தொடைவரைக்கும் ஒரு வலி பாய்ந்தது.

திரை கிழிகிற மாதிரி விலகியது. "ஏய்! ஊனாதடி!" என்று நீங்கள் பாய்ந்து வந்து இடுப்பைக் கட்டிப்பிடித்தீர்கள். இரண்டு பேரும் அப்படியே சரிந்தோம். நீங்கள் கீழே, நான் உங்கள் மடியில். என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் எப்போதோ போய்விட்டார்கள். அதனாலோ என்னவோ அழுகை வந்தது. அடக்க அடக்கச் சத்தமாக வந்தது. நீங்கள் என்னைக் கட்டிலோடு சாய்த்துவைத்துவிட்டு எழுந்து போனீர்கள். டிவி இன்னும் பெரிதாக அலறியது. அழுவதைக் கேட்கக்கூடப் பொறுமையில்லை என்று நினைத்தேன். நீங்கள் திரும்பி வந்து என் காலை இரண்டு கையிலும் ஏந்தி ஒரு தலையணைமேல் வைத்தீர்கள்.

மறுநாள் சேலத்தில் படம் எடுத்தார்கள். தண்டு இறங்கிப்போயிருந்தால் மறுபடி திறக்க வேண்டும். டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி அளந்து பார்க்கும்வரை நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை என்றார். நீங்கள் தலைக்குமேல் கையெடுத்துக் கும்பிட்டீர்கள். ஆறு வாரம் கழித்துப் போனபோது, கூம்பின் ஓரத்தில் எலும்பு படர்ந்திருப்பதைப் பென்சிலால் காட்டினார். "புடிச்சிக்கிச்சும்மா. இனிமே இத எடுக்கணும்னா எலும்ப ஒடச்சாத்தான் முடியும்."

"எடுக்கறதுக்கா சாமி இம்மாம் பாடு பட்டோம்?" என்றீர்கள் நீங்கள்.

அன்றே நான் என் வீட்டுக்குப் போய்விட்டேன். மகளிடம் உங்களுக்கு ஒரு பட்டுப்புடவை கொடுத்தனுப்பினேன். இத்தோடு சரி என்பதுபோல. கூடவே, அந்த நாற்காலியைத் தூக்கிப் போட்டுவிடச் சொல் என்றும் சொல்லி அனுப்பினேன். நீங்கள் போடவில்லை.

அதன்பிறகு உங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் குடித்தேன், காப்பி குடித்தேன். ஆனால் உங்கள் முகத்தை நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை. என்னை முழுக்கப் பார்த்துவிட்டவர் நீங்கள். பேச்சை வெயிலுக்கும் மழைக்கும் திருப்பிவிடுவேன்.

பிறகு உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போயின. பார்க்க வந்தேன். அதே அறை, அதே கட்டில், பக்கத்தில் அதே நாற்காலி. கூடம் நிறைய உறவுக்காரர்கள். நோயாளி வீட்டில் உட்கார வேண்டிய மாதிரி எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். நான் உங்கள் தலைமாட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாம் சரியாகிவிடும் என்று புத்தகத் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் நீங்கள் என் மகளைப் பார்த்துச் சைகை காட்டினீர்கள். அவள் உங்களைத் தூக்கி அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். நான் மரியாதையாக எழுந்தேன். நீங்கள் இடது கையால் என் முந்தானையைப் பிடித்தீர்கள். திரைக்கு வெளியே, கூடத்துப் பக்கம் கையைக் காட்டினீர்கள். மறுபடி முந்தானை, மறுபடி கூடம். தொண்டையில் ஏதோ சத்தம். நான் பார்த்தேன். அணைந்திருந்த டிவி.

"பிறகு பார்க்கலாம், சம்பந்தி. முதலில் இது முடியட்டும்" என்றேன். குழந்தையிடம் சொல்வதுபோல. உங்கள் விரல்களை ஒவ்வொன்றாக என் புடவையிலிருந்து எடுத்தேன். வெளியே வந்து, இடுக்குக்கூட இல்லாதபடி திரையை நானே ஒழுங்காக இழுத்துவிட்டேன். எனக்கு எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

கூடத்தில் எல்லாம் கேட்டது. ஒருவர் இருமினார். ஒரு பெண் தரையைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காதில் விழாததுபோல் இருப்பது நல்ல பழக்கம் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். திரும்ப உள்ளே வந்தபோது நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள். போகும்போது மகளிடம், "வயதானால் குழந்தை மாதிரிதான், டிவி போடவில்லை என்று கோபம்" என்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த முறை நான் வந்தபோது உங்களை வாசலில் கிடத்தியிருந்தார்கள்.

இனி இன்று காலை. கடைக்காரர் ஒட்டிய பல் செட்டை என் வாயில் வைத்து, "எதாவது பேசிப் பாருங்கம்மா, எங்க இடிக்குதுன்னு தெரியணும்" என்றார். பேசினேன். எச்சில் தெறித்தது. 'ச' எல்லாம் சீறியது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு பெண் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அலமாரிமேல் இருந்த சின்ன டிவியின் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை ஏற்றினார். ஏதோ சமையல் நிகழ்ச்சி. கடை முழுக்க எண்ணெய் பொரிகிற இரைச்சல். "இப்பப் பேசுங்கம்மா" என்றார்.

என்னால் பேச முடியவில்லை, சம்பந்தி. வாயைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "ரொம்ப இடிக்குதாம்மா?" என்று அவர் பதறினார்.

வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் செய்தேன். "உன் அத்தை அந்தத் தொடரைப் பார்ப்பாரே..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தத் தொடரும்மா? அத்தைக்கு அதுல ஒருத்தர் பேருகூடத் தெரியாது."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு அவளே கேட்டாள். "ஏம்மா, உனக்கு அது இப்பத்தான் தெரியுதா?"

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கூடத்தில் அத்தனை ஆட்கள். அறைக்குக் கதவு இல்லை. என் சத்தம் ஒருவர் காதிலும் விழக்கூடாது என்று நான் அங்கே இருந்த நாளெல்லாம் டிவியை அலறவிட்டீர்கள். காது மந்தம் என்று என்னிடமே பழியை ஏற்றுக்கொண்டீர்கள். உங்களுக்கு அது வேண்டியிருந்தபோது, வாய் இல்லாமல், என் முந்தானையைப் பிடித்து என்னிடம்தான் கேட்டீர்கள். என் மகளிடம் கேட்கவில்லை, உறவுக்காரர்களிடம் கேட்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்த நான்தான் இதை முதலில் புரிந்துகொள்வேன் என்று நம்பியிருக்கிறீர்கள். எக்ஸ்சேஞ்சில் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கேட்ட இணைப்பைக் கொடுத்தவள் நான்.

அந்த நாற்காலி இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறதாம். அடுத்து அதில் உட்காரப்போவது நானாகத்தான் இருக்கும். சொந்த வீட்டில்தான் சாவேன் என்று இத்தனை நாள் சொல்லிவந்ததை இன்று மகளிடம் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

சிமெண்ட் வேண்டும் என்று கேட்டேன், உங்கள் கை படக்கூடாது என்பதற்காக. முழுக்கச் சிமெண்ட் வைத்திருந்தால் என் எலும்பும் அந்த உலோகமும் கடைசிவரை தனித்தனியாகவே இருந்திருக்கும், நடுவில் பூசிய ஒரு பசையோடு. அது எனக்குப் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். இப்போது அந்தக் கூம்பின் துளைகளுக்குள் இருக்கிற எலும்பு வேறு எங்கும் வளர்ந்ததல்ல. உங்கள் வீட்டுக் கட்டிலில், நீங்கள் ஏந்திவைத்த தலையணைமேல், உப்பு ஜாஸ்தியான உங்கள் சோற்றில் வளர்ந்தது. எழுந்து நிற்கும்போதெல்லாம் என் பாரம் அதன்மேல்தான் இறங்குகிறது. இப்போது வலி இல்லை. ஆனாலும் பழக்கத்தில் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்கிறேன். பொடவை நல்லாத்தான கீது என்று சொல்ல யாரும் இல்லை.